சவள் முதலில், உப்பு பிறகு: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்தால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு பாதி கிணற்றைப் பற்றியும் மறு பாதி வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் வீடுகளைப் பற்றியும் இருப்பது வழக்கமாகிவிட்டது. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை வீட்டு வாசலில் விழும் பனியை அகற்றுவது பற்றியும், அதற்காகக் கொட்டப்படும் உப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பது பற்றியும் கேட்கின்றன. பனியே விழாத யாழ்ப்பாணத்தில் இதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். நன்னீரில் உப்பு ஏறினால் என்ன நடக்கும் என்பதை நமது ஊரவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு என்பதே எமது பதில்.

கேள்வி: என் மூத்த மகன் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வீடு வாங்கியிருக்கிறான். சென்ற குளிர்காலம் முழுவதும் அவனுடன் தங்கியிருந்தேன். பனி கொட்டத் தொடங்கும் முன்னரே வாசற்படியிலும் கார் நிறுத்தும் பாதையிலும் உப்பைப் பை பையாகக் கொட்டுவான். பனியைத் தள்ளுவதற்கு நேரமில்லை என்பது அவனுடைய கதை. சித்திரையில் பார்த்தால் பாதையோரப் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. வீட்டின் பின்னால் ஓர் ஓடையும் ஓடுகிறது. நான் ஏதாவது சொன்னால், "றோட்டுக்கு அரசாங்கம் கொட்டுகிற உப்புக்கு முன்னால் என்னுடைய உப்பு எம்மாத்திரம், அம்மா?" என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கனடாவின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் உப்பு கொட்டப்படுகிறது. அதனுடன் ஒப்பிட்டால் ஒரு வீட்டின் உப்பு சிறிதுதான். ஆனால் அந்த நாட்டு அரசாங்கமே 2001 ஆம் ஆண்டில் வீதி உப்பைச் சூழலுக்கு நஞ்சு விளைவிக்கும் பொருள் என்று மதிப்பிட்டு, 2004 இல் அதனைக் கையாள்வதற்கான நடைமுறைக் கோவை ஒன்றையும் வெளியிட்டது என்பதை மகனிடம் சொல்லுங்கள். அந்தக் கோவை ஆண்டுக்கு 500 தொன்னுக்கு மேல் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கும் நகர நிர்வாகங்களுக்குமே உரியது. அவர்கள் அளந்து போடப் பழகி வருகிறார்கள். வீட்டு வாசலில் அளப்பதற்கு யாரும் இல்லை. அதனாலேயே ஒரு சதுர அடிக்கு வீட்டில் விழும் உப்பு, வீதியில் விழுவதைவிடப் பல மடங்காகிவிடுவதும் உண்டு.

மகனுடைய உப்பு எம்மாத்திரம் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லட்டும். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 6 கிராம், அதில் 3.6 கிராம் குளோரைட்டு (உப்பில் சோடியம் போக எஞ்சும் பகுதி) இருக்கிறது. நீர்வாழ் உயிர்கள் நீண்டகாலம் தாங்கக்கூடிய அளவாகக் கனடா வகுத்திருப்பது ஒரு லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டு. ஆகவே அந்த ஒரு தேக்கரண்டியே 30 லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டு சென்றுவிடுகிறது. 20 கிலோகிராம் பை ஒன்றுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு இலட்சம் லீற்றருக்குச் சற்று மேலே வருகிறது. கோடையில் நமது ஊருக்குத் தண்ணீர் கொண்டு வரும் 10,000 லீற்றர் பவுசர்களை வைத்துப் பார்த்தால் பத்துப் பவுசர். மகன் ஒரு குளிர்காலத்தில் எத்தனை பை கொட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த உப்பு வசந்த காலத்தோடு போய்விடுவதும் இல்லை. ஸ்காபரோவின் பெரும்பகுதியில் வீதியோர வடிகான்களில் விழும் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இன்றி அருகிலுள்ள ஓடைக்குச் சென்று, அங்கிருந்து ஒன்ராறியோ ஏரியை அடைகிறது. அங்குள்ள ஹைலண்ட் கிறீக் ஓடையின் வடிநிலத்தை ஆராய்ந்து 1993 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஓராண்டில் கொட்டப்படும் உப்பில் ஏறத்தாழ 45 வீதமே ஓடை வழியாக வெளியேறுகிறது என்றும், மீதி நிலத்தடி நீரில் தங்கிவிடுகிறது என்றும் கண்டறிந்தது. பனியின் சுவடே இல்லாத ஆடி மாதத்திலும் நகர ஓடைகளில் குளோரைட்டு கூடுதலாக இருப்பதற்குக் காரணம், நிலத்தடியில் தேங்கிய அந்தப் பழைய உப்பு மெல்லக் கசிந்து வருவதுதான். குளோரைட்டு மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களால் சிதைவடையாது, ஆவியாகவும் மாட்டாது.

புல் கருகியதற்கும் இதுவே காரணம். உப்பு வேருக்குச் செல்லும் நீரைத் தடுக்கிறது. அத்துடன் சோடியம் மண்ணிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால், மண் இறுகிக் காற்றும் நீரும் புகாததாகிவிடுகிறது. கொங்கிறீற்றுப் படிகளின் மேற்பரப்பு செதில் செதிலாக உரிவதும், காரின் அடிப்பாகம் துருப்பிடிப்பதும் இதே கொடையின் மற்றைய பங்குகள். புதிதாகப் போட்ட கொங்கிறீற்றில் முதலாவது குளிர்காலத்தில் உப்பே படக்கூடாது.

இனி மகன் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம். பனியை அகற்றும் கருவி சவள். சவளால் எடுக்க முடியாமல் தரையோடு ஒட்டி நிற்கும் மெல்லிய பனிக்கட்டிக்கு மட்டுமே உப்பு. இந்த ஒழுங்கு மாறினால் எல்லாமே வீண்செலவு. மூன்று அங்குலப் பனியின் மேல் உப்பைத் தூவினால் அது மேலேயுள்ள பனியைக் கரைப்பதிலேயே தீர்ந்துபோய், தரையை அடையும்போது வலுவிழந்துவிடும். விழுந்த பனி புதிதாக இருக்கும்போதே, காரின் சில்லும் கால்களும் அதை மிதித்து இறுக்கும் முன்னரே, தள்ளிவிட வேண்டும். மிதிபட்ட பனிதான் மறுநாள் கண்ணாடிபோலப் பனிக்கட்டியாகிறது. இரவு முழுவதும் கொட்டும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால், படுக்கைக்குப் போகும் முன் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் தள்ளுவது, காலையில் ஒரே தடவையாகப் பெருங்குவியலோடு மல்லுக்கட்டுவதைவிட இலகுவானது. நேரமில்லை என்பவருக்கு இது இன்னொரு சுமையாகத் தோன்றலாம். ஆனால் இறுகிய பனிக்கட்டியை உடைப்பதற்குப் பிடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் அவருக்கே. தார் போட்ட பாதையானால், கறுப்புத் தரை அங்கங்கே தெரியும் அளவுக்குச் சுரண்டிவிட்டால் போதும். வெயில் எறிக்கும் நாளில் காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் கறுப்புத் தரை வெப்பத்தை உறிஞ்சி மீதியைத் தானாகவே கரைத்துவிடும்.

இறுகிப்போன இடங்களுக்குத் தட்டையான இரும்பு அலகும் நீண்ட பிடியும் கொண்ட சுரண்டி ஒன்று அங்குள்ள கடைகளில் கிடைக்கும். ஊர் நினைவில் அலவாங்கைத் தேடவேண்டாம். பனிக்கட்டியோடு சேர்த்து கொங்கிறீற்றையும் அது பெயர்த்துவிடும்.

அதன் பின்னரும் வழுக்கினால், உப்பை அளந்து போடலாம். 250 சதுர அடிக்கு அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். அது பெரிய தேநீர்க் கோப்பை ஒன்றின் அளவு. தூவிய பின்னர் ஓர் உப்புக் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் மூன்று அங்குல இடைவெளி தெரியவேண்டும். தரை வெள்ளையாகத் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது. தரை காய்ந்த பின்னரும் கிடக்கும் உப்பு எந்த வேலையும் செய்யாத உப்பு. அதைக் கூட்டி எடுத்து மூடியுள்ள வாளியில் வைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்த வேண்டும், வடிகானுக்குள் தள்ளக்கூடாது.

குளிரின் அளவும் முக்கியம். சாதாரண உப்பு ஒரு கிலோகிராம், −1 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 46 கிலோகிராம் பனிக்கட்டியைக் கரைக்கக்கூடியது. −7 இல் அது எட்டு ஒன்பது கிலோகிராமாகக் குறைகிறது. −10 ஐத் தாண்டினால் நடைமுறையில் பயனில்லை என்றே சொல்லலாம். ரொறன்ரோவில் தை மாத இரவுகள் −10 க்குக் கீழே போவது புதுமையல்ல. அந்த இரவுகளில் "கரையவில்லையே" என்று மேலும் மேலும் கொட்டுவதே வழக்கமான தவறு. அப்போது தேவையானது மணல் அல்லது சிறு கற்றூள். அது எதையும் கரைக்காது, ஆனால் காலுக்குப் பிடிப்புத் தரும்.

பனி வருமுன் கொட்டும் பழக்கத்தை மகன் விட விரும்பவில்லையென்றால், அதைச் சரியாகச் செய்யும் வழியும் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 300 கிராம் உப்பைக் கரைத்து, செடிகளுக்குத் தெளிக்கும் கருவியால் காய்ந்த தரையில் மெல்லிய கோடுகளாகத் தெளித்துவிட்டால், பனி தரையோடு ஒட்டுவது தடுக்கப்பட்டுச் சவளுக்கு வேலை இலகுவாகும். கற்களாகக் கொட்டும்போது பெரும்பகுதி துள்ளிப் புல்லுக்குள் போய்விடுகிறது. கரைசலில் அந்த வீண் இல்லை. மழையோடு தொடங்கும் பனிக்கு முன்னர் மட்டும் இதைச் செய்யக்கூடாது, மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன்னர், கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே வாய் திறக்கிறது என்று மகனை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது கார்ப் பாதையிலேயே வந்து முடிகிறது. பகலில் கூரைப்பனி உருகி அவ்வழியே ஓடி, இரவில் பாதையின் குறுக்கே உறைந்துவிடுகிறது. வீட்டுக்காரர் அதற்குத் தினமும் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார். குழாயைப் புற்றரைப் பக்கம் திருப்பிவிட்டால் அந்த உப்பே தேவைப்படாது. தள்ளிய பனியையும் பாதையின் மேட்டுப் பக்கத்தில் குவிக்காமல் தாழ்ந்த பக்கத்துப் புற்றரையில், ஓடைக்கும் வடிகானுக்கும் எட்டமாகக் குவிக்க வேண்டும். வீதியில் தள்ளிவிடுவது ஒன்ராறியோவில் சட்டப்படி தவறும்கூட.

கேள்வி: என் பேரன் சுற்றாடல் வகுப்பில் படித்துவிட்டு, பனிக்கு உப்புப் போடக்கூடாது என்று தொலைபேசியில் எனக்கு விரிவுரை நிகழ்த்துகிறான். ஐயா, நான் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். உப்பில் எத்தனை மீன் வாழ்கிறது! எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகிறது? இடையில் கொஞ்ச உப்பு சேர்ந்தால் என்ன குடி முழுகிவிடும்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் அதிபர், பருத்தித்துறை

பதில்: கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது, அதற்குள் வாழும் மீன் அதற்கென்றே உடல் அமைந்த மீன். விரால் மீனைக் கொண்டுபோய்ப் பருத்தித்துறைக் கடலில் விட்டால் அது எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதை எம்மைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ரொறன்ரோ வட்டாரத்து நகர ஓடைகளில் பனி உருகும் நாட்களில் லீற்றருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குளோரைட்டு பதிவாகியிருக்கிறது. அந்த ஓடைகளுக்கு இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் ஏரியிலிருந்து ஏறிவந்து முட்டையிடுகின்றன. மீனைவிட முதலில் அடிபடுவன அதைவிடச் சிறியவை: நன்னீர் மட்டிகளின் இளம் பருவம், தவளை முட்டை, பாசியைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள். அந்தப் பூச்சிகள் குறைந்தால் பாசி கட்டுக்கடங்காமல் பெருகும், நீர் பச்சையாகும்.

குடிநீருக்கு இலங்கைத் தரநிர்ணயம் அனுமதிக்கும் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம். உப்புச் சுவை நாக்குக்கு எட்டத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த அளவிலேயே. ஆனால் நீர்வாழ் உயிர்களுக்கான நீண்டகால எல்லை அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே ஓடை நீரை வாயில் வைத்துப் பார்த்து "நல்ல தண்ணீர்தானே" என்று சொல்லும்போது, அதற்குள் வாழ்வன ஏற்கெனவே துன்பப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஏரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புக் கலந்த நீர் கனமானது. அது அடியில் போய்ப் படியும். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் ஏரியின் மேல்நீரும் கீழ்நீரும் கலந்து புரள்வதாலேயே ஒட்சிசன் அடிவரை போய்ச் சேருகிறது. அடியிலுள்ள உவர்ப்படை தடித்துவிட்டால், சிறிய ஏரிகளில் இந்தப் புரள்வு தடைப்பட்டு அடிநீர் மூச்சுமுட்டிப் போகிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுக்கை விளக்கத் தேவையில்லை. அங்கே அந்த அடுக்கு இயற்கை தந்தது. இங்கே நாம் சொல்வது மனிதர் பையிலிருந்து கொட்டி உண்டாக்குவது.

எல்லாம் கடலுக்குப் போவது உண்மைதான். ஆனால் ஹைலண்ட் கிறீக்கிலிருந்து அத்திலாந்திக் வரை போகும் வழியில் பல இலட்சம் மக்கள் அந்த ஏரி நீரைக் குடிக்கிறார்கள். ஒருமுறை ஏறிய உப்பை எடுப்பதற்கு எதிர்ச்சவ்வூடு பரவல் (நீரை அழுத்தி நுண்சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது) போன்ற செலவுமிக்க முறைகளே கதி. அந்தச் செலவு எவ்வளவு என்பதற்குத் தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நம் கண்முன்னால் நிற்கிறது. பேரனின் விரிவுரையைக் கேட்டுக்கொள்ளுங்கள்; இந்த விடயத்தில் அவன் பக்கம்தான் நியாயம்.

கேள்வி: தோட்டம் செய்பவன் நான். என் தம்பி மொன்றியலில் இருக்கிறார். உப்புப் போட்டால் புல் கருகுகிறது என்பதற்காக, இப்போது யூரியாவை வாங்கிப் பனிக்குத் தூவுகிறாராம். "புல்லுக்குப் பசளையும் ஆச்சு, பனியும் கரையும்" என்கிறார். இது நல்ல யோசனையா? சாம்பல், மணல் போன்றவையும் போடலாமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: யூரியா பனியைக் கரைக்கும் என்பது உண்மை, உலோகத்தை அரிப்பது குறைவு என்பதால் விமான நிலையங்களிலும் அது நீண்டகாலம் பயன்பட்டது. அங்கேயே அதன் பயன்பாடு குறைந்துவந்ததற்குக் காரணம் நீர்நிலைகள்தான். உறைநிலைக்கு நாலைந்து பாகை கீழே போனாலே யூரியா தளர்ந்துவிடும். மொன்றியலின் குளிருக்கு அது போதாது. குளிர்காலத்தில் புல் உறங்கிக் கிடக்கிறது, வேர் எதையும் எடுக்காது. ஆகவே தம்பி போடும் பசளை புல்லுக்குப் போகாமல் உருகும் நீரோடு ஓடைக்கே போகிறது. யூரியாவின் நிறையில் 46 வீதம் நைதரசன். அது நீரில் அமோனியாவாக மாறும்போது மீனுக்கு நஞ்சு. பின்னர் நைத்திரேற்றாகிப் பாசிக்கு விருந்து.

யூரியா கிணற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை உரும்பிராயிலிருந்து எழுதும் ஒருவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போட்ட பசளையும் மலக்குழிகளும் சேர்ந்து, வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்றைக் குடிநீருக்கு உகந்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே கொண்டு சென்றிருக்கின்றன. தம்பிக்கு இதைச் சொன்னால் அவருக்கு உடனே விளங்கும் என்று நம்புகிறோம்.

கல்சியம் குளோரைட்டும் மகனீசியம் குளோரைட்டும் கடுங்குளிரிலும் வேலை செய்யும், அதனால் குறைந்த அளவு போதும் என்பது அவற்றின் சிறப்பு. ஆனாலும் பெயரிலேயே சொல்லியிருப்பதுபோல அவையும் குளோரைட்டுத்தான். கைநிறைய அள்ளித் தூவினால் உப்பைவிடத் தீங்கு குறைந்துவிடாது. குளோரைட்டு இல்லாத அசற்றேற்று வகைகள் விலை கூடியவை, அவை நீரில் சிதைவடையும்போது ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். பீற்றூட் சாறு கலந்தவை என்று விற்பனையாகும் பொருள்களிலும் பெரும்பாலும் உள்ளே உப்பே இருக்கிறது. "பசுமையானது", "நாய் பூனைக்குப் பாதுகாப்பானது" என்று பையின் முன்பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், பின்பக்கத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதை வாசிக்க வேண்டும். நாயின் பாதத்துக்குத் தீங்கில்லாதது ஓடைக்கும் தீங்கில்லாதது என்று பொருளாகாது.

மணல் நல்லது. ஆனால் பனி முடிந்ததும் அதைக் கூட்டி எடுக்காவிட்டால் வடிகானை அடைத்து, ஓடையின் அடியிலுள்ள கற்களுக்கிடையில் படிந்து மீன் முட்டைகளை மூடிவிடும். மணலையும் உப்பையும் பாதிக்குப் பாதி கலந்து போடுவது இரண்டையும் வீணாக்கும் வேலை: உப்புக் கரைத்த நீரில் மணல் புதைந்துவிடும், மணலின் இடைஞ்சலால் உப்பும் சரியாக வேலை செய்யாது. விறகுச் சாம்பல் பிடிப்புத் தரும், கருமையால் வெயிலையும் உறிஞ்சும். ஆனால் காரத்தன்மை கூடியது, வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வரும். நிலக்கரிச் சாம்பலில் கனவுலோகங்கள் இருப்பதால் அதைத் தொடவே கூடாது.

கேள்வி: பனிக்கட்டியின் மேல் கொதிநீரை ஊற்றினால் உப்பே தேவையில்லையல்லவா?
– வாசகி, கோப்பாய்

பதில்: ஊற்றிய நீரும் சேர்ந்து உறைந்து, முன்னர் இருந்ததைவிட வழுவழுப்பான பனிக்கட்டி கிடைக்கும். வேண்டாம்.

கேள்வி: ஒஸ்லோவில் வசிக்கிறோம். இங்கே நடைபாதைகளில் சிறு கற்களைத் தூவிவிட்டு வசந்த காலத்தில் வண்டி கொண்டுவந்து உறிஞ்சி எடுக்கிறார்கள். கனடாவில் இதை ஏன் செய்வதில்லை?
– யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாசகர், நோர்வே

பதில்: கனடாவிலும் சில இடங்களில் செய்கிறார்கள். நோர்வேயிலும் பெருந்தெருக்களுக்கு உப்பு உண்டு என்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் நடைபாதையில் பனி இருக்கட்டும், வழுக்காமல் இருந்தால் போதும் என்ற மனநிலை அங்கே வலுவாக இருக்கிறது. அதற்கேற்பக் காலணியில் முள் மாட்டிக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. ரொறன்ரோவிலோ கறுப்புத் தரை தெரியவில்லையென்றால் யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் வீட்டுக்காரரையும் கடைக்காரரையும் உப்புப் பையை நோக்கித் தள்ளுகிறது. தரை தெரியவேண்டும் என்ற எதிர்பார்ப்பே உப்பின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது எமது கருத்து. உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் தூவும் கற்களை மட்டும் நீங்களே கூட்டி எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் தை மாதம் மகளிடம் போகிறோம். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. மருமகன் உப்புப் போடாமல் விட்டால் நாங்கள் விழுந்து எலும்பை முறித்துக்கொள்ள மாட்டோமா? ஓடையைவிட எங்கள் இடுப்பெலும்பு முக்கியமில்லையா?
– வாசகி, நல்லூர்

பதில்: முக்கியம்தான், அதில் இரண்டு கருத்து இல்லை. வாசற்படி, படிக்குக் கீழேயுள்ள தரை, காருக்கு ஏறும் இடம் ஆகிய மூன்றும் சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் உங்கள் இருவருக்கும் போதும். அங்கே மருமகன் அளவோடு உப்புப் போடட்டும். பாதை முழுவதையும் உப்பால் நிரப்புவதால் உங்களுக்குப் பாதுகாப்புக் கூடுவதில்லை. காலணிமேல் மாட்டும் முள்வார்களை மகள் வாங்கி வைக்கட்டும். வீட்டுக்குள் வந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும், ஓட்டுத் தரையில் அவையே வழுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. சும்மா இருக்க மனமில்லாமல் உங்கள் கணவர் சவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதே வேளையில் ஈரப்பனியைத் தூக்கும் சுமை இதயத்தைத் திடீரென்று விரட்டுகிறது. பனி அள்ளும்போது மாரடைப்பு ஏற்படுவது அந்த நாடுகளில் நன்கு அறியப்பட்ட ஆபத்து. இளையவர்கள்கூடப் பனியைத் தூக்கி எறியாமல் தள்ளவேண்டும், இடையிடையே நின்று மூச்சு வாங்கவேண்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பனி இல்லை, மழை இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் சீமெந்து முற்றமெல்லாம் பாசி பிடித்து வழுக்குகிறது. அப்பா ஒருமுறை விழுந்தும்விட்டார். பக்கத்து வீட்டில் உப்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து தூவுகிறார்கள். இன்னொருவர் கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை ஊற்றச் சொல்கிறார். எங்கள் கிணறு முற்றத்தோடு ஒட்டியே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் மிகவும் அவசரமானது உங்களுடையது, மேலே சொன்ன ஸ்காபரோ வாசலைவிட உங்கள் முற்றம் கிணற்றுக்கு அருகில் இருக்கிறது.

பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஒரே இடத்தில் போடவேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறி, குனிந்து தேய்ப்பவரின் நுரையீரலைத் தாக்கும். அமிலம் தனியாகவும் வேண்டாம். அது பாசியை மட்டுமல்லாமல் சீமெந்தையும் அரித்துச் சொரசொரப்பாக்கும். அடுத்த மழைக்குப் பாசி பிடித்துக்கொள்ள அதைவிட வசதியான இடம் வேறில்லை. உப்போ நேராகக் கிணற்றுக்குள் போகும். குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்கூடாக மழைநீர் வடிகட்டப்படாமலே இறங்கிவிடுகிறது. நமது நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தாங்கி நிற்கும். மோட்டர் போட்டு மிதமிஞ்சி இறைக்கும்போது சவர்நீர் கீழிருந்து ஏறுவது இதனால்தான். கீழிருந்து வரும் உப்பே போதும், மேலிருந்தும் நாமே போடவேண்டியதில்லை.

பாசி ஈரமாக இருக்கும்போது இலகுவில் பெயரும். மழை விட்ட ஒரு காலையில், தட்டையான மண்வெட்டியாலோ பழைய கரண்டியாலோ சுரண்டியெடுத்து, பின்னர் கம்பித் தூரிகையாலும் ஆற்று மணலாலும் தேய்த்துக் கழுவுங்கள். சுரண்டிய பாசியை வாழையடியில் போடலாம். அதன்பின் எஞ்சும் பச்சைக்குக் கொதிநீரைக் கவனமாக ஊற்றினால் போதும். கோப்பாய் வாசகிக்கு வேண்டாம் என்ற கொதிநீர் உங்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் இங்கே அது உறையப்போவதில்லை, எந்த மிச்சத்தையும் விட்டுச்செல்வதும் இல்லை. பிளீச்சிங் பவுடர் கட்டாயம் வேண்டுமென்றால், கிணற்றைச் சுற்றியுள்ள கட்டுக்கும் அதற்கு நீர் வழிந்தோடும் பக்கத்துக்கும் எட்டமாக, மழை வராத நாளில், வாளியில் கரைத்துப் பாசி நிற்கும் இடத்துக்கு மட்டும் பூசித் தேய்த்துவிடுங்கள், தூளாகத் தூவவேண்டாம்.

பாசி ஏன் வருகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் மா மரத்துக் கிளையொன்று வெயிலை மறைத்துக்கொண்டிருக்கும், அல்லது பீலி உடைந்து ஒரே இடத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். கிளையை வெட்டி, பீலியைத் திருத்தி, நீர் தேங்கும் பள்ளத்தைச் சீமெந்து பூசிச் சரிவாக்கிவிட்டால் பாதிப் பாசி தானாகவே இல்லாமற்போகும். அதுவரை அப்பா நடக்கும் வழியில், வாசலிலிருந்து கிணற்றடி வரை, பழைய சாக்கு விரித்துச் செங்கல்லால் ஓரத்தை அழுத்தி வையுங்கள். வெயில் எறிக்கும் நாட்களில் எடுத்துக் காயப்போடுங்கள், ஈரச்சாக்கின் கீழும் பாசி வளரும்.